மாமாவின் கையில் நான் கொடுத்த சவல்

ஒரு பாஷை சுத்தமாகத் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கையைக் காலைக் காட்டிக் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவான். முழுக்கத் தெரிந்தவனாலும் பிரச்சினை இல்லை. முக்கால்வாசி தெரிந்தவன் இருக்கிறானே, அவனைத்தான் சனங்களுக்கு நடுவில் விடக்கூடாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஐந்தாறு வருடங்கள், மொன்றியலில் வில்லரே பக்கத்தில் அப்படி ஒருவன் கேட்பார் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தான். அது நான்தான்.

அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் நான் முதலாவதாக வந்தவன். (வகுப்பில் பதினொரு பேர். அதில் நாலு பேர் வேலை கிடைத்துப் பாதியில் போய்விட்டார்கள் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை.) அன்று தொடக்கம் எங்கள் கோயில் சனத்துக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். மின்சாரக் கடிதம் வந்தாலும், பிள்ளைகள் காப்பகத்தில் இருந்து துண்டு வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, ஒரு நிமிடம் நெற்றியைச் சுருக்கிவிட்டுத்தான் வாசிப்பேன். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனால், குளிரைப் பற்றி இரண்டு வசனம் கூடுதலாகப் பேசாமல் வெளியே வரமாட்டேன். கடைக்காரர் வியட்நாம்காரர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பார், பாவம்.

அந்த நேரத்தில்தான் என் மாமனார் ஆறு மாத விசாவில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்தார். ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. அவர் பெயர் சவிரிமுத்து. இலங்கை ரயில்வேயில் இஞ்சின் றைவராக இருந்தவர் என்பதால், அவருடைய கோயில் பங்கில் அவரை ‘இஞ்சின் சவிரிமுத்து’ என்றால்தான் தெரியும். டீசல் வருவதற்கு முந்திய கரிக்கோச்சிக் காலத்தில் தொடங்கியவர். முதலில் இஞ்சின் துடைக்கிறவர், பிறகு கரி போடுகிற ஃபயர்மன், அதன் பிறகுதான் றைவர். அந்த மூன்றாவது படியில் ஏற அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்ததாம். கல்யாணத்துக்கு முதல் நாள் நியமனக் கடிதம் வந்ததாகவும், இரண்டில் எதற்குத் தான் கூடச் சந்தோசப்பட்டேன் என்று மாமிக்குக் கடைசிவரை சொல்லவில்லை என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மாமா முதலில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில், மூத்த மகன் அன்ரன் வீட்டில்தான் தங்கினார். பெரிய வீடு, தனி அறை, எல்லாம் இருந்தது. ஆனால் கார் இல்லாமல் வாசலுக்கு அப்பால் ஒன்றும் நடக்காத இடம். ஒரு மாதத்தில், அங்கே இருப்பது மறியலில் அடைபட்டுக் கிடப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுடைய சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் தெருவில் இருந்து அவர் கால்நடையாக நூலகத்துக்குப் போகலாம். அங்கே ஒரு மூலையில் ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. அதில் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தில் கைவிட்ட ரயில் பாதைகளை ஆர்வலர்கள் எடுத்து, பழைய நீராவி இஞ்சின்களை ஓட்டுகிறார்களே, அதைப் பற்றிய படப் புத்தகம். அதிலும் பிறநாடுகளில் செய்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த இஞ்சின்களைப் பற்றிய பகுதியை மாமா ஜெபப்புத்தகம் மாதிரி தினமும் வாசித்தார். ஒருநாள் இரவல் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார்.

“இதைப் பாரும் தம்பி. உலகம் முழுக்க இஞ்சின் செய்து வித்தவன் வெள்ளைக்காரன். நாங்கள் ஓடினதெல்லாம் அவன்ரை இஞ்சின். இப்ப போலந்துக்காரன் செய்ததையும் நோர்வேக்காரன் செய்ததையும் கொண்டுவந்து வச்சு, ஞாயிற்றுக்கிழமையிலை எண்ணெய் பூசிக்கொண்டு நிக்கிறான்.”

சிரித்தார். அதுவும், ஓய்வு பெற்ற டாக்டரும் வாத்தியாரும் தங்கள் கைக்காசு போட்டு அங்கே கரி அள்ளுகிறார்கள் என்று வாசித்தபோது அவரால் தாங்கவே முடியவில்லை. தங்களுக்குச் சம்பளம் தந்தும் அந்த வேலைக்கு ஆள் நிற்கவில்லையே என்றார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். நீராவியில் கடைசி ஓட்டம் ஓடிவிட்டு இறங்கியபோது அதுதான் கடைசி என்று அவருக்குத் தெரியாதாம். அடுத்த கிழமை டீசலுக்கு மாற்றிவிட்டார்களாம். “ஒருக்கா ரெகுலேற்றரைத் திறந்து பாக்கவேணும் தம்பி. ஒருக்காக் காணும்,” என்றார். ரெகுலேற்றர் என்பது நீராவியைத் திறந்துவிடும் நீளக் கைபிடி. இஞ்சினை நகர்த்துவது அதுதான். அதில் கைவைக்கும் உரிமை றைவருக்கு மட்டும்தான் என்பதையும் அப்போது விளக்கினார். ஃபயர்மன் அதன் பக்கம் கையைக் கொண்டுபோனாலே கோள் சொல்லிவிடுவார்களாம்.

என் மனைவி ரெஜினா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு கிழமையில் எங்கிருந்தோ ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். ஆற்றுக்குத் தெற்கே, பழைய ரயில்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு நூதனசாலையில் இங்கிலாந்தில் செய்த சின்ன நீராவி இஞ்சின் ஒன்று ஓடுகிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, அந்த வருடத்தின் கடைசி ஓட்டம். இங்கிலாந்தில் அப்படியான பாதை ஒன்றை நடத்துகிறவர்கள் விருந்தினராக வருகிறார்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் பெயர் கொடுத்தால், அவரவர் பார்த்த பழைய வேலையை அன்றைக்கு ஒரு ஓட்டம் பார்க்க விடுவார்களாம். மாமா அந்தத் தாளைக் கையில் வாங்கி, முன்பக்கப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் விளங்காமல், கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தை நிரப்பும் பொறுப்பு யாருக்கு? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“பின்பக்கத்திலை இங்கிலீசிலையும் கிடக்கு,” என்றாள் ரெஜினா. நான் திருப்பிப் பார்க்கவில்லை. முன்பக்கம் விளங்குகிறவன் எதற்காகப் பின்பக்கம் பார்க்க வேண்டும்? பெயர், வயது, நாடு எல்லாம் எழுதி முடித்தேன். கடைசியில் தொழில் என்று போட்டு இரண்டு பெட்டிகள். ஒன்றில் ‘மெக்கானிசியன்’, மற்றதில் ‘ஷோஃபர்’. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மொன்றியலில் பஸ் ஓட்டுகிறவர் ஷோஃபர். டாக்சி ஓட்டுகிறவர் ஷோஃபர். மெக்கானிசியன் என்றால், கார் பழுதானால் அடியில் படுத்துக்கொண்டு எங்களிடம் காசு பிடுங்குகிறவர். ஷோஃபர் பெட்டியில் பெரிதாக ஒரு புள்ளடி போட்டேன். பேனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு நம்பிக்கை.

கடவுள் நல்லவர். எனக்கு இன்னொரு சந்தர்ப்பமும் தந்தார். நாலு நாள் கழித்து நூதனசாலையில் இருந்து லூசி என்ற பெண் போன் எடுத்தார். உங்கள் மாமனார் ஷோஃபர்தானே, மெக்கானிசியன் இல்லையே என்று உறுதிப்படுத்திக் கேட்டார். நான் கொஞ்சம் ரோசத்தோடு, மதாம், மெக்கானிசியன் வேறு, ஷோஃபர் வேறு என்று பாடம் எடுத்தேன். வேறுதான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். வருகிறவர்கள் எல்லாரும் மெக்கானிசியன் என்றுதான் எழுதுகிறார்கள், ஷோஃபர் ஒருவரும் இல்லாமல் கஷ்டப்பட்டோம், உங்கள் மாமனார் எங்களுக்குப் பெரிய உதவி என்று நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு மாமாவிடம் போய், வருகிறவர்கள் எல்லாம் வெறும் மெக்கானிக்குகள், றைவர் என்று நீங்கள் ஒருவர்தானாம் என்று அறிவித்தேன். மாமாவின் முகத்தில் அன்று வந்த பூரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு எழும்பி அறையை விட்டுப் போகவேண்டும் போல இருக்கிறது.

ஞாயிறு விடிந்தது. மாமா திருப்பலிக்குப் போவது போல வெளிக்கிட்டார். தானே தேய்த்து மடிப்பு வைத்த வெள்ளைச் சேட்டு, கறுத்தக் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து. றைவர் வெள்ளை உடுத்தலாமா, கரி படாதா என்று ரெஜினா கேட்டதற்கு, கரி படுவது ஃபயர்மனுக்குத்தான் என்றார். அன்ரன் டொலார்டில் இருந்து காரோடு வந்தார். கையில் புது வீடியோ கமெரா. பாலம் தாண்டும் வரைக்கும் மாமா வலது கையை முழங்காலில் வைத்து விரித்து மூடிக்கொண்டிருந்தார்.

முதலில் மண்டபத்தில் ஒரு கூட்டம். இங்கிலாந்தில் இருந்து வந்த ஜெஃப் என்ற மனிதர், எழுபது வயது இருக்கும், படம் போட்டுக் காட்டிப் பேசினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை லூசி பிரெஞ்சில் சொன்னார். லூசி பிரெஞ்சில் சொன்னதை நான் மாமாவின் காதுக்குள் தமிழில் சொன்னேன். (ரயில்வேயில் வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியவர் மாமா. ஜெஃப் வாயைத் திறந்த உடனேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தும் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.) தங்கள் பாதையில் ஓடும் போலந்து இஞ்சினைப் பற்றி ஜெஃப் ஒரு கதை சொன்னார். அதன் தகடுகள் எல்லாம் போலந்து மொழியில் இருந்ததாம். அந்த ஊரில் வேலை செய்த ஒரு போலந்துக்காரத் தச்சரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னார்களாம். அவர் இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். ஆனாலும் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு வருடமாகத் தாங்கள் பிழையான கைபிடிகளைத் திருகிக்கொண்டிருந்ததாக ஜெஃப் சொன்னார். மண்டபம் சிரித்தது. எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தவன் நான்.

வெளியே இஞ்சின் புகைந்துகொண்டு நின்றது. பச்சை நிறம், உயரம் குறைவு. மாமா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எங்கோ ஒரு இடத்தில் நின்று, குனிந்து, எதையோ முகர்ந்து பார்த்தார். லூசி வந்து அவருடைய வெள்ளைச் சேட்டில் ஒரு அட்டையைக் குத்தினார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமா என்னைக் கேட்டார். ஷோஃபர், பிரெஞ்சில் றைவருக்கு அப்படித்தான் சொல்வது என்றேன். அவர் அந்த அட்டையை நேராக்கிவிட்டு, வயதை மறந்து, இரண்டு எட்டில் ஏறினார்.

ஏறியவர் ஒரு கணமும் தயங்காமல் ரெகுலேற்றர் பக்கம்தான் போனார். கை அதைத் தொட ஒரு சாண் இருக்கும். அங்கே நின்ற, நூதனசாலையில் வேலை செய்யும் முப்பது வயதுப் பெடியன், நெஞ்சில் மெக்கானிசியன் என்ற அட்டையோடு, மிக மரியாதையாகச் சிரித்து, அவருடைய தோளைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பினான். கையில் கரி அள்ளும் சவலைக் கொடுத்தான்.

மாமா கீழே நின்ற என்னைப் பார்த்தார். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன்.

“தம்பி, இவையள் என்னை ஃபயர்மனாக்கிப் போட்டினம் போலை கிடக்கு. ஒருக்காக் கேட்டுப் பாரும்,” என்றார்.

கேட்டேன். அதுதான் கொடுமை. கேட்காமல் விட்டிருந்தால்கூட ஒரு சாட்டு இருந்திருக்கும். என்னுடைய மிகச்சிறந்த பிரெஞ்சில் லூசியிடம், இவர்தானே ஷோஃபர் என்று கேட்டேன். ஓம் ஓம், இவரேதான் ஷோஃபர் என்று அவர் கைதட்டினார். நான் மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: “எல்லாம் சரியாம் மாமா. நீங்கள்தான் றைவராம். உதவிக்கு ஒரு மெக்கானிக்கை நிப்பாட்டியிருக்கினம், பயப்பிடாதேங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. பக்கத்தில் ஜெஃப் ஏறி நின்றார், அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னால் போதும். மாமா சேட்டின் கையை முழங்கை வரை மடித்தார். அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு கரி போடத் தொடங்கினார்.

ஒரு ஓட்டம் என்றுதான் ஏற்பாடு. ஆனால் அன்றைக்கு வந்த ஒரே ஷோஃபர் அவர்தானே. மெக்கானிசியன்மார் நாலு பேர் வரிசையில் நின்றார்கள், எல்லாரும் இந்த நாட்டுக் கிழவர்கள். ஒவ்வொருவராக ஏறி, ரெகுலேற்றரைத் திறந்து, விசில் அடித்து, இறங்கிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் கரி போட்டவர் என் மாமனார். அறுபத்தெட்டு வயது. வெள்ளைச் சேட்டு முதல் ஓட்டத்தில் சாம்பல், மூன்றாவதில் கறுப்பு. இரண்டாவது கிழவர் ரெகுலேற்றரை வெடுக்கென்று திறந்து சில்லு வழுக்கியபோது மாமாவின் கை தானாக அந்தப் பக்கம் நீண்டு, பாதியில் நின்று, திரும்பிச் சவலைப் பிடித்தது. அன்ரனின் வீடியோவில் அது இருக்கிறது. நான் அந்த இடம் வரும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

அதைக் கவனித்தவர் ஜெஃப் ஒருவர்தான். கடைசி ஓட்டம் முடிந்து இஞ்சின் நின்றதும், இவ்வளவு சுத்தமாக நெருப்பை எரிய வைக்கிறீர்களே, எத்தனை வருடம் ஃபயர்மனாக இருந்தீர்கள் என்று மாமாவைக் கேட்டார். நான் கீழே, இறங்குவதற்குக் கைகொடுக்க நின்றேன். மாமா ஆங்கிலத்தில், அவசரம் இல்லாமல் பதில் சொன்னார். ஏழு வருடம் ஃபயர்மன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை றைவர்.

அப்படியானால் ஏன் சவலோடு நிற்கிறீர்கள், ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று ஜெஃப் கேட்டார்.

“எனக்காகக் கதைக்கிறவர் என்னுடைய மருமகன்,” என்றார் மாமா.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு விபரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஜெஃப் லூசியைக் கூப்பிட்டார். லூசி என்னிடம் வந்தார். ரயிலில் ஷோஃபர் என்றால் சூடாக்குகிறவர், அதாவது நெருப்புப் போடுகிறவர் என்றும், ஓட்டுகிறவரைத்தான் மெக்கானிசியன் என்பது என்றும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக, ஆங்கிலத்தில் சொன்னார். நாலு வருடமாகப் பிரெஞ்சு பேசி வந்த என்னிடம் ஒரு மொன்றியல்காரி ஆங்கிலத்துக்கு மாறியது அன்றுதான் முதல் தடவை. நான் விண்ணப்பத்தின் பின்பக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

உடனே திரும்ப ஒரு ஓட்டம் விடுவோம் என்று ஜெஃப் அவசரப்பட்டார். ஆனால் அதற்குள் அந்தப் பெடியன் அடுப்பு நெருப்பைக் கீழே கொட்டிவிட்டான். கடைசி நாள், குளிர்காலத்துக்கு இஞ்சினை மூடவேண்டும். விசயம் தெரிந்ததும் பெடியனுக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா என்றாலும் ரெகுலேற்றரைப் பிடித்து நில்லுங்கள், படம் எடுப்போம் என்று மாமாவைக் கெஞ்சினான். மாமா அவனுடைய முதுகில் தட்டி, வேண்டாம், இன்னொரு நாளைக்குப் பார்ப்போம் என்றார். சவலை நிலத்தில் போடாமல், அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு இறங்கினார். இங்கிலாந்துக்கு வாருங்கள், எங்கள் போலந்து இஞ்சினை நீங்கள் ஓட்டலாம் என்று ஜெஃப் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கார் மெத்தைக்கு ஒரு பழைய போர்வையை விரித்து மாமாவை இருத்தினோம். பாலம் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா என்று கேட்டேன்.

“நீர் அவ்வளவு பேருக்கு முன்னாலை எனக்காகக் கதைச்சுக்கொண்டு நிக்கிறீர். நான் இடையிலை புகுந்து இங்கிலீசிலை சொன்னால், என்ரை மகள் கட்டினவருக்குக் கதைக்கத் தெரியாது எண்டெல்லோ ஆகிப்போகும்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கரி நல்ல கரி,” என்றார்.

ஒருவன் தன்னுடைய மானத்துக்காக மற்றவனை மாட்டிவிடுவதுதான் உலக வழக்கம். அந்த மனிதர் என்னுடைய மானத்துக்காக மூன்று மணித்தியாலம் கரி அள்ளியிருக்கிறார். அந்த மானத்தின் பெறுமதி எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொரு நாள் வரவில்லை. விசா முடிந்து மாமா ஊருக்குப் போனார். சண்டை திரும்பத் தொடங்கியதும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். இங்கிலாந்துக்குப் போட்ட விசா விண்ணப்பம் திரும்பி வந்தது. நூதனசாலைக்காரர் கொடுத்த ஷோஃபர் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தாராம். பார்க்கிறவர்கள், கனடாவில் ஐயா கார் ஓடியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்களாம். சில வருடங்கள் கழித்து ஒரு காலையில் நித்திரையிலேயே போய்விட்டார்.

இங்கே எங்கள் கோயிலில் அவருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் அறிவித்தல் அடிக்க வேண்டும். பிரெஞ்சு என்றதும் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நானாகக் கேட்டு வாங்கினேன். இந்த முறை அகராதி பார்த்தேன். அதுவும் போதாமல் லூசிக்குப் போன் எடுத்து எழுத்துக் கூட்டிக் கேட்டேன். அவர் பெயருக்குக் கீழே, இலங்கை ரயில்வேயின் ஓய்வுபெற்ற மெக்கானிசியன் என்று எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும்போது, அவருக்கு நான் கடைசியாக ரெகுலேற்றரைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து, அச்சகத்து வாசலில் நின்று அழுதேன்.

திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது அன்ரன் அந்த அறிவித்தலோடு வந்தார்.

“மச்சான், அப்பா எப்ப மெக்கானிக் வேலை செய்தவர்?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவருடைய மகள் வாசித்துப் பார்த்து, ஓம், இது கராஜில் கார் திருத்துகிறவர்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். ரெஜினா அழுத கண்ணோடு சிரிக்கத் தொடங்கினாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று கோயில் வாசலே சிரித்தது. அன்று தொடக்கம் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும், எந்தப் பிறந்தநாளிலும், என்னைப் பற்றி இந்த ஒரு கதைதான்: அப்பா உயிரோடு இருக்கேக்கை அவரை ஃபயர்மனாக்கினார், செத்த பிறகு மெக்கானிக்காக்கினார்.

முதலாவது உண்மை. இரண்டாவது பிழை. அகராதியை எடுத்துவந்து ஒரு நிமிடத்தில் நிரூபித்துவிடலாம். அன்றைக்கு இஞ்சின் மேலே நின்றபோது அவருக்கும் ஒரு வசனம்தான் தேவைப்பட்டது, அவர் சொல்லவில்லை. நானும் சொல்வதில்லை.